நைனாவுக்குச் சோறு ஊட்டிய அமாவாசை

அன்புள்ள தம்பி அசோகனுக்கு,

சைதாப்பேட்டையிலிருந்து அண்ணன் ரகுபதி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வேளச்சேரியில் நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். எழுதக் கற்றபின் இது என் முதல் கடிதம். மெதுவாக எழுதியிருக்கிறேன், மெதுவாகவே படி. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் அடிக்காது, வந்து உட்கார்ந்துவிடும்.

நம் மாடிமேல் சாய்ந்த வாதாமரத்தில் காக்கை கூடு கட்டி, ஒரு குஞ்சு வெளியே வந்திருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சிறகை உதறும், வாயைப் பிளக்கும், உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். காலடியில் சோறு கிடந்தாலும் குனியாது, தாய்தான் வாயில் திணிக்க வேண்டும். சிறகில் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு தெறித்திருக்கும்.

போன ஆடி அமாவாசைப் படையலில் சாம்பாருக்கு உப்பில்லை என்று நீ சொன்னாய். படைக்குமுன் ருசி பார்க்கக்கூடாதென்று தெரியாதா என்று உன் அண்ணி முனியம்மாள் கேட்டாள். நீ பாதி இலையில் எழுந்து போனாய். இந்த ஆடிக்கு வரவேயில்லை. மாடியில் மறைந்த நம் நைனாவுக்கு இலை போட்டுக் காக்கையைக் கூப்பிட்டோம். வந்தது, சோற்றைக் கவ்வியது, நேரே குஞ்சின் வாயில் கொண்டுபோய் வைத்தது. திரும்பத் திரும்ப அதேதான்.

"அது துன்னல, தூக்கிக்கினு போவுது. செல்லாது" என்றாள் நம் அக்கா ஜோதிலட்சுமி.

"குஞ்சு துன்னா ஆவாதா? எல்லாரும் பசியில கீறோம்" என்றாள் உன் அண்ணி.

"சின்னவன் வரல இல்ல. நைனா கோவமா கீறாரு" என்றாள் அக்கா.

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அப்போது குஞ்சே தத்தித் தத்தி வந்து, இலை முன்னால் நின்று, வடையைப் பார்த்து வாயைப் பிளந்தது. கொத்தத் தெரியவில்லை. நான் சாம்பார் சோற்றை உருட்டி வாயில் வைத்தேன். விழுங்கியது.

"பாரு, பெரிய புள்ள கையால துன்றாரு" என்று அக்கா கும்பிட்டாள். நாங்களும் உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, இந்த வருஷமும் உப்பில்லை. நைனாவே பேசாமல் சாப்பிட்டிருக்கும்போது நாங்கள் என்ன சொல்வது? நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. அவசரமில்லை. நைனா திருப்தியாகிவிட்டார், அடுத்த ஆடிக்கு வந்தால் போதும்.

குடும்பத்தோடு நீ குறைவில்லாமல் இரு.

அன்புடன்,
ரகுபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு அமீனா பீ துணி காயப்போட வந்தாள். "இன்னாண்ணே, குயில் குஞ்சுக்கா படைச்சீங்க? புள்ளியப் பாக்கலியா? காக்கா கூட்டுல குயிலு முட்ட வுட்டுட்டுப் போயிருக்கு" என்றாள். விரலை நனைத்துச் சுவரைத் தேய்த்துக் காட்டினாள், சுண்ணாம்பு என்றால் இப்படி ஈர விரலோடு வந்துவிடும் என்று. குஞ்சின் புள்ளி மழையிலும் போகவில்லை. அவள் சொன்னது காக்கைக்குக் கேட்கவில்லை போலும், இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. என் கையால் சாப்பிட்டது குயில்தான், ஆகவே நைனா இன்னும் சாப்பிடவில்லை. புரட்டாசி அமாவாசைக்கு மறுபடி படைக்கிறோம், நீ அவசியம் வர வேண்டும். அண்ணி எழுதச் சொன்னாள்: "உப்ப அசோகனே வந்து போடட்டும். ருசி மட்டும் பாக்கக்கூடாது."