குடைகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஈரம் மட்டும் கொஞ்சம் அதிகம். அங்கு நீங்களும், உங்கள் வீட்டம்மாளும், பதினாறு நாட்களாக உங்களோடு தங்கியிருக்கும் உங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு தெரு தள்ளி இருக்கிறவனுக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். இந்த மழையில் எப்படி வருவது?

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடையில் குடைகளையெல்லாம் கட்டி உள்ளே வைத்துவிட்டு, வெயிலுக்குப் போடும் தொப்பிகளை வாசலில் தொங்கவிட்டிருப்பதாக என் மகன் சொன்னான். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. வியாபாரத்தில் இவ்வளவு அவசரம் ஆகாது. வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம், தினமும் காலை எட்டரை மணிக்கு மழை அளந்தவன் சொல்கிறேன்: மழை இன்னும் விடவில்லை. நேற்று நான்கு மில்லிமீட்டர். முந்தாநாள் மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. நான் ஓய்வு பெற்றபோது நிலையத்தில் கொடுத்தனுப்பிய பழைய மழைமானி எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. அதுவும் என்னைப் போலத்தான், யார் முகத்துக்காகவும் ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ சொல்லாது.

வீட்டில்தான் ஒருவரும் நம்புவதில்லை. "அப்பா, மழை நின்னு பத்து நாளாச்சு. வெளிய வந்து பாருங்க" என்கிறான் மகன். வானத்தை அண்ணாந்து பார்த்தே மழையைச் சொல்லிவிடலாம் என்றால் கருவி எதற்கு, நிலையம் எதற்கு, எனக்கு முப்பத்து நான்கு வருடம் சம்பளம்தான் எதற்கு? ராத்திரி இவன் குறட்டை விடும்போது பெய்துவிட்டுப் போனால் இவனுக்குத் தெரியுமா? நான் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போவேன், குனிந்து அளவைப் பார்ப்பேன், குறித்துக்கொண்டு இறங்கிவிடுவேன். பிறகு என் அறைதான். சன்னலைச் சாத்தித் திரையும் போட்டு வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. மேகம் மெலிதாக இருந்தால் அப்படித்தான் கூசும்.

எனக்கு மழையைப் பற்றிக்கூடக் கவலையில்லை. அது மனிதர்களைப் படுத்தும் பாட்டைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. மழை பிடித்த மூன்றாம் நாள் உங்கள் அக்கா என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். டாக்டர் நல்ல மனிதர். "மேகமூட்டம் நீடிச்சா சிலருக்கு மனசு சோர்ந்து போயிடும். பேச்சு குறையும், தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும். வெயில் வந்தா தினமும் கொஞ்சம் நடங்க, நாலு பேரோட பேசுங்க. ஒரு நோட்டில அன்னன்னிக்கு மழை எப்படி, மனசு எப்படின்னு எழுதிட்டு வாங்க" என்றார். இவ்வளவையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். நான் உங்கள் அக்காவின் பக்கம் திரும்பி அனுதாபத்தோடு தலையசைத்தேன். அதற்குப் போய் அவள் அன்று சாயங்காலமே பெட்டியைக் கட்டினாள். "மூணு நாளா மூணு வார்த்தை பேசலை. அதுலயும் ரெண்டு, காபி ஆறிப்போச்சுன்னு. மழை விடட்டும், வரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். டாக்டர் சொன்ன எரிச்சல் என்பது இதுதான் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

நோட்டை நான் விடாமல் எழுதி வருகிறேன், அவள் வந்தால் காட்டலாமே என்று. மகன்: கேட்டதற்கு 'ம்' என்று மட்டும் பதில், கடுமையான சோர்வு. மருமகள்: டம்ளரை மேசையில் வைக்கும்போது நங்கென்று சத்தம், எரிச்சல் முற்றுகிறது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் மழைநாளைப் படமாக வரையச் சொன்னார்களாம். நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், என் தலைக்கு மேலே கறுப்பாக ஒரு மேகம், அந்த மேகத்துக்கும் ஒரு மூக்குக்கண்ணாடி. ஏழு வயதுப் பிஞ்சு மனதைக்கூட இந்த மழை விட்டு வைக்கவில்லை பாருங்கள். கடைசி வரியில் என்னைப் பற்றி எழுதுவேன். பதினாறு நாளும் ஒரே சொல்தான்: சாதாரணம்.

நான் யாருக்கும் பாரமாக இல்லை என்பதையும் உங்கள் அக்காவின் காதில் போட்டு வையுங்கள். "குடுங்க மாமா, மிஷின்ல போடறேன்" என்று மருமகள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள், நான் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் சட்டையையும் துண்டையும் நானே துவைத்து மாடிக் கொடியில் போடுகிறேன். பிழியத்தான் கைக்கு வலுவில்லை. உங்கள் அக்கா பிழிந்தால் ஒரு சொட்டு மிஞ்சாது. யார் கழுத்தை நினைத்துக்கொண்டு பிழிவாள் என்று நான் கேட்டதில்லை. மழை பெய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, ராத்திரி முழுக்கக் கொடியில் கிடந்தும் காலையில் சட்டை ஈரமாகவே இருக்கிறது. போதாததற்கு இந்த வருடத்து மழைத் தண்ணீர் லேசாகக் கலங்கி, ஒருவிதப் பூவாசனை வேறு அடிக்கிறது. காற்றில் மாசு கூடிவிட்டது என்று நிலையத்துக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அவர்களுக்கும் மழைச் சோர்வாக இருக்கும்.

உங்கள் அக்கா சொன்ன சொல் தவறாதவள். மழை விட்டதும் வருகிறேன் என்றாள், மழை விடவில்லை, ஆகவே வரவில்லை. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாயங்காலம் பழக்க தோஷத்தில் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிடுகிறேன், பிறகு ஒன்றை மடக்கி வைக்கிறேன், அவ்வளவுதான். அவளுடைய தடித்த போர்வை இங்கேயே இருந்துவிட்டது. வரும்போது சுத்தமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை அதையும் துவைத்துப் போட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகவே வரட்டும்.

பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. கடைக்கு நல்ல மழை பெய்யட்டும். உங்கள் அக்காவிடம் மில்லிமீட்டர் கணக்கை மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
எந்த மழைக்கும் அசையாத
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை எட்டரைக்கு நான் மானியின் மேல் குனிந்திருந்தபோது மருமகள் மாடிக்கு வந்தாள். என் குடையை வாங்கி மடக்கினாள். மானியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. "மாமா, இத்தனை நாளா குனிஞ்சே பாக்கறீங்க. ஒரு தடவை நிமிந்து பாருங்க" என்றாள். நிமிர்ந்தேன். மானிக்கு நேர் மேலே கொடியில் என் சட்டை. அதற்கு மேலே பொட்டு மேகம் இல்லாத வானம். சட்டையும் துண்டும் நான்கு மில்லிமீட்டர், போர்வை ஒன்பது. கணக்கு ஒத்துப்போகிறது. பூவாசனை சோப்புடையது.

ஆகவே தொப்பிகளே தொங்கட்டும். நிலையத்துக்கு எழுதியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விட வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் காலையிலிருந்து என்னைக் குடைகிறது. மழை நின்று பத்து நாளாகிறது என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் மழைமானி இல்லை, சன்னல்தானே இருக்கிறது. தெரிந்தும் அவள் வரவில்லை.

இன்றைக்கு நோட்டில் மற்றவர்களைப் பற்றி எழுதவில்லை. என் வரியில் மட்டும் எழுதினேன்: நன்றாக இல்லை, பதினாறு நாளாகவே நன்றாக இல்லை. அந்த நோட்டும் என் கையில்தான் இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நானே நடந்து வந்து உங்கள் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். குடை கொண்டுவரவில்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்கள் அக்காவை வந்து கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.