பருத்திக் கிட்டங்கித் தெருவின் பத்துக் கண்கள்

முத்துசெல்வம் ஏணியின் ஏழாவது படியில் நின்றபடி, வாயில் கட்டுக்கம்பியைக் கவ்விக்கொண்டு, கரண்டுக் கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் வாசலுக்கு வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

"என்ன அண்ணாச்சி, கேமராவைக் காணோமா?"

கீழே தண்ணீர்க் குடத்தோடு எதிர்வீட்டுப் பொன்மணி நின்றாள்.

வாயிலிருந்த கம்பி அவள் குடத்துக்குள் விழுந்தது. "காணோம்னு யாரு சொன்னா? சர்வீசுக்குப் போயிருக்கு. இது மாத்துக் கேமரா."

"மாத்துக் கேமராவுல இருந்து கறுப்பா சொட்டுதே."

"அது ஆயிலு. புதுசுல்லா."

சொட்டியது பெயிண்ட். காலையில் கம்பம் காலியாக இருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு, அவசரமாக ஒட்டி அடித்த பெயிண்ட்.

பருத்திக் கிட்டங்கித் தெருவில் மொத்தம் பத்துக் கேமராக்கள். பத்தும் அட்டை. போன வருடம் அந்தத் தெருவில் சைக்கிள், கேஸ் சிலிண்டர், மாடியில் காயப்போட்ட மிளகாய் வத்தல் என்று பதினான்கு திருட்டு. தெருச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் முத்துசெல்வத்தால் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை. மனைவி ராமலட்சுமி நாகலாபுரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பெட்டி ஒட்டினார். முகப்பில் பழைய டார்ச் லைட்டுக் கண்ணாடி. சென்னையில் சித்தப்பா மகன் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது என்று தெருவுக்குச் சொன்னார். மனைவிக்கும் அதையேதான் சொன்னார்.

ஒரே ஒரு பிசகு. தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்த கை. பெட்டி என்று ஒன்றைக் கண்டதும், அதன் இரண்டு பக்கத்திலும் குச்சி உரசுகிற மருந்தைத் தடவிவிட்டது. காய்ந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மேலே அடித்த பெயிண்டும் சரியாகப் பிடிக்கவில்லை. 'அந்தப் பட்டை இருட்டுல பாக்கதுக்கு' என்று சொல்லி வைத்தார்.

திருட்டு நின்றுபோனது. கம்பத்தைக் கடக்கும்போது பெண்கள் முந்தானையைச் சரிசெய்தார்கள். தெருவுக்குப் பேர் தந்த பழைய பருத்திக் கிடங்கின் சுவரோரம் ஒதுங்குகிறவர்கள் அடுத்த தெருவுக்கு மாறினார்கள். பதினான்கு என்பது ஒரே வருடத்தில் பூஜ்யமானது. இன்று பத்து மணிக்கு டி.எஸ்.பி. தெருவுக்கே வந்து, 'குற்றமில்லாத் தெரு' என்ற பட்டயத்தை அவர் கையில் கொடுக்கப்போகிறார். அதைப் பார்க்கக் கயத்தாறிலிருந்து சம்பந்தி வீட்டார் பஸ் ஏறிவிட்டார்கள்.

"சர்வீசா? யாரு சொன்னது?" மளிகைக்கடை அய்யாத்துரை வெற்றுடம்போடு வெளியே வந்தார். "விடியக்காலையில கம்பத்துல இருந்து ஒரு ஆளு இறங்குனதை நான் பாத்தேன். மூஞ்சி தெரியல. தொப்பி போட்டிருந்தான்."

"களவாங்க வாரவனுக்குத் தொப்பி கேக்குதோ?" என்றாள் பொன்மணி.

ஐந்து நிமிடத்தில் ஏணியைச் சுற்றிக் கூட்டம். ஒரு வருடத்தில் முதல் திருட்டு. அதுவும் கேமராவே திருட்டு.

"மத்த ஒம்பது கேமராவும் எதுக்குத் தொங்குது? போட்டுப் பாருங்க, ஆளு தெரிஞ்சிரும்," என்றார் அய்யாத்துரை.

"அது சென்னையிலல்லா பதிவாகுது. பாஸ்வேர்டு என் தம்பிட்ட இருக்கு."

"அவியளுக்கு ஒரு போனைப் போடுங்க."

"சிங்கப்பூர் போறான். இப்ப பிளேன்ல இருக்கான்."

அய்யாத்துரையின் மகள் ஜெயப்பிரியா பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். "பாஸ்வேர்டே வேண்டாம் மாமா. ஒரு கேமராவைக் கழட்டிக் குடுங்க. நானே எடுத்துருதேன்," என்று ஏணியில் கால் வைத்தாள்.

முத்துசெல்வம் சறுக்கி இறங்கி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தொடாத தாயி. சட்டப்படி போலீசு மட்டுந்தான் அதைத் திறக்கலாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"அப்ப போலீசுக்கே போவோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவர் மனைவி ராமலட்சுமி. "டி.எஸ்.பி. ஒம்பது மணிக்கே அவுட்போஸ்ட்டுக்கு வாராவளாம். அவியட்டயே சொல்லுவோம். எங்க வீட்டுக்காரரு வச்ச கேமராவுல கை வச்சவன் எவன்னு எனக்குத் தெரியணும்."

ஒரு வருடமாக ஒரு புகாரும் எழுதாத தெரு, மொத்தமாகச் செருப்பை மாட்டியது.

முத்துசெல்வம் மொபெட்டை மிதித்தார். கூட்டம் வந்து சேர்வதற்குள் உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது ஒன்றுதான் பாக்கி.

அவுட்போஸ்ட் முன்னால் ஜீப் நின்றது. வாசலில் ஏட்டு மாயகிருஷ்ணன் விறைப்பாக நின்றிருந்தார்.

"ஏட்டையா, நீங்கதான் காப்பாத்தணும். தெருவே கிளம்பி வருது. கேமராவை எவனோ களவாண்டுட்டான். ஆனா அது கேமராவே இல்ல. பத்தும் அட்டை. நான் ஒட்டுனது."

ஏட்டு அதிரவில்லை. கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தினார்.

முத்துசெல்வமும் பார்த்தார். வாசல் நிலைக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் டார்ச் லைட்டுக் கண்ணாடி. இரண்டு பக்கத்திலும் தீப்பெட்டிப் பட்டை.

"மெதுவாப் பேசுங்க, ஐயா உள்ள இருக்காவ," என்றார் ஏட்டு. "எங்க கேமரா செத்து எட்டு மாசமாச்சு. இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன். ஜீப்ல இருந்து இறங்குனதும் அண்ணாந்து பாத்து, 'குட்'னுட்டாவ. பத்து மணிக்குள்ள குறுக்குச் சந்து வழியா வந்து மாட்டிருதேன்."

"தெருவுக்கு என்ன சொல்ல?"

"கேமரா கெடச்சிட்டு, எடுத்த ஆளு ஸ்டேஷன்லதான் நிக்கான்னு சொல்லிருதேன். பொய் இல்லல்லா."

"அட்டைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் என்னைப் படிக்க வச்சா. அந்தப் பட்டை எனக்குத் தெரியாதா? முத நாளே தெரியும்."

முத்துசெல்வத்துக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"இருந்தாலும் ஏட்டையா, போலீசே தெருக் கேமராவைக் களவாங்கலாமா?"

மாயகிருஷ்ணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் உண்மையாகவே மனத்தாங்கல்.

"ஒரிஜினல்னா கை வச்சிருப்பேனா அண்ணாச்சி? அது திருட்டுல்லா."