எழுபத்தைந்து ஆகாத கிளாரன்ஸ்

செரீனா அனுப்பிய அழைப்பிதழில் கேக் இருந்தது, பலூன் இருந்தது, நடுவில் கிளாரன்ஸ் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கெல்லாம் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தலைக்கு மேலே தங்க எழுத்தில் 'எங்கள் அப்பாவுக்கு 75' என்று இருந்ததுதான் தகராறு.

அதைவிடக் கொடுமை, மகள் அதைப் போட்டிருந்த இடம். கிள்ளானில் அவர்கள் போகும் கோயிலின் பாடகர் குழு வாட்சாப்!

"அழிச்சிடு! இப்பவே அழிச்சிடு!" என்று போனில் கத்தினார்.

செரீனா பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸில் இருந்தாள். "என்னாப்பா? மீட்டிங்ல இருக்கேன். கலர் பிடிக்கலையா?"

"நம்பர் பிடிக்கல!"

"அதுக்கு நான் என்னா பண்றது? நானா உங்களைப் பெத்தேன்? முப்பத்தோரு பேரு பார்த்துட்டாங்க லா. இனிமே அழிச்சா இன்னும் அசிங்கம்."

விஷயம் இதுதான். ஜனவரியில் பாடகர் குழுத் தலைவன் ஜெயராஜ் புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தான். எழுபத்தைந்து வயது ஆனவர்கள் அன்றிலிருந்து கௌரவ உறுப்பினர்கள். தோளுக்குச் சால்வை உண்டு, முன்வரிசையில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி உண்டு. மைக் கிடையாது.

கிளாரன்ஸ் இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் திருநாளில் தனிப்பாட்டு பாடுகிறவர். ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தது வயிற்றுப்பாட்டுக்கு. வருஷத்தில் அந்த மூன்று நிமிஷம்தான் அவருக்கு வாழ்க்கை. இந்த வருஷத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பாழாய்ப்போன பிறந்தநாளோ வருகிற ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றது. சத்தம் காட்டாமல் தாண்டிவிடலாம் என்று அவர் போட்டிருந்த திட்டத்தில் பெற்ற மகளே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள்.

"உள்ள வயசைச் சொல்லிட்டு உட்காருங்களேன். ஃபேன் காத்தாவது வரும்," என்றாள் மனைவி சாந்தமேரி.

"நான் பாடலைன்னா அது திருநாளா? கோயிலே வெறிச்சோடிப் போயிடும்!"

சாந்தமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மீன் கழுவப் போய்விட்டாள்.

கிளாரன்ஸ் யோசித்து யோசித்துக் குழுவில் தட்டினார்: 'மகள் அவசரத்தில் தப்பாகப் போட்டுவிட்டாள். 75 அல்ல, 70. மன்னிக்கவும்.' ஒரே தட்டில் ஐந்து வயது குறைந்த சந்தோஷத்தில் சீனி தூக்கலாக ஒரு தே தாரிக் போடச் சொல்லிக் குடித்தார்.

மறுநாள் காலை கோயில் ஆபீஸிலிருந்து புனிதா கூப்பிட்டாள்.

"அங்கிள், எழுபத்தஞ்சு ஆனவங்களுக்கு ஃபாதர் ஆசீர்வாதப் பத்திரம் கொடுக்கிறாரு. லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. நீங்க எழுபதுன்னு போட்டிருக்கீங்களே?"

"எழுபதுதான்மா."

"ஞானஸ்நானப் புஸ்தகத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுன்னு இருக்கு. கிளாரன்ஸ் அந்தோணி, காப்பார் தோட்டம்."

கிளாரன்ஸ் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது நான் இல்லம்மா. எங்க அண்ணன்."

"அண்ணனுக்கும் அதே பேரா?"

"அவன் ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். மூணு வருஷம் கழிச்சு நான் பொறந்தேன். அவன் ஞாபகமா அதே பேரை எனக்கு வெச்சுட்டாங்க. என்னோட பொறப்புப் பத்திரம், அந்த சூராகூட அவனோடதுதான். புதுசா எடுக்க யாரு டவுனுக்கு அலையிறது?"

ரப்பர் தோட்டத்தில் அப்படி அண்ணன் பத்திரத்தில் பள்ளிக்கூடம் போன தம்பிகள் உண்டு. அதனால் பொய் தடங்கல் இல்லாமல் வந்தது. சொல்லி முடித்தபோது, பிறக்காத அந்த அண்ணன் மேல் அவருக்கே பாசம் பொங்கிவிட்டது.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஐயோ பாவம்! அந்தக் குழந்தைக்கு யாராச்சும் பூசை வெச்சாங்களா அங்கிள்?"

"அந்தக் காலத்துல ஏதும்மா அதெல்லாம்..."

"நீங்க கவலையே படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வாள் என்று கேட்கும் புத்தி கிளாரன்ஸுக்கு வரவில்லை.

அன்று சாயந்திரம் ஜெயராஜே வீட்டுக்கு வந்து நின்றான்.

"அங்கிள், மெய்யாலுமே எழுபதுதானா?"

"எழுபதேதான்."

ஜெயராஜ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்போ இன்னும் அஞ்சு வருஷமா?" அவன் கண் கலங்கிவிட்டது.

கிளாரன்ஸ் நெகிழ்ந்துபோனார். "ஏம்ப்பா மனசை விடறே? அஞ்சு வருஷம் கழிச்சும் நீ ஒரு வார்த்தை கூப்பிட்டா நான் வராமலா இருக்கப்போறேன்?"

ஜெயராஜ் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

மிச்சம் இருந்தது கேக். பிரிக்ஃபீல்ட்ஸில் லோகன் என்பவர் கடையில் செரீனா சொல்லிவைத்திருந்தாள். அதிலும் 75. மகளை நம்பிக் கெட்டது போதும் என்று ஞாயிறு காலை அவளைக் காரோட்டச் சொல்லித் தானே கிளம்பினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் காலைப் பூசைக்குப் போகவில்லை. 'எழுபதா எழுபத்தஞ்சா' என்று வாழ்த்துகிறவர்கள் எல்லாம் குடைந்ததால் போனையும் அணைத்துவிட்டார்.

"அங்கிள், இந்த அஞ்சைச் சுரண்டினா கேக்ல குழி விழும்," என்றார் லோகன்.

"விழட்டும். குழியை மூடி சைபர் போடுங்க."

"சைபர் இந்தக் குழிக்குப் பத்தாதே. எழுபத்தெட்டா ஆக்கிடவா? எட்டு பெருசா வரும், எல்லாத்தையும் மூடிடும்."

"யோவ்!"

ஒருவழியாக எழுபது ஆகி, நெரிசலில் ஊர்ந்து கிள்ளான் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. மத்தியான விருந்துக்காக வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அதன் கீழே சிவப்பு நாற்காலிகள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாடகர் குழு நின்று பாடிக்கொண்டிருந்தது.

என்னமாய்ப் பாடினார்கள்! நாலு வகைக் குரலும் ஒன்றோடொன்று இழைந்து வந்தன. செரீனா கார் கண்ணாடியை இறக்கினாள்.

"கேட்டியா?" என்றார் கிளாரன்ஸ், கேக் பெட்டியை மடியில் அணைத்தபடி. "இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்துல நின்னு பழகினவங்க. ஒரு இடத்துல சுருதி பிசகுதா பாரு."

"இல்லப்பா. இன்னிக்கு ஒண்ணும் பிசகல."

"ஆனா பொறந்தநாளுக்கு எதுக்கு அடக்கப் பாட்டு பாடறாங்க?"

அப்போதுதான் கேட்டில் சாய்த்து வைத்திருந்த மலர்வளையத்தைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது. உள்ளேயிருந்து சாந்தமேரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க. உங்க சாவுக்கு நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"என்னாடி இது?"

"பூசையில உங்க பேரை வாசிச்சாங்களாம். ஆன்ம இளைப்பாற்றிக்குன்னு. உங்க இடம் காலி, போன் அடிக்கல, வாசல்ல வேற கூடாரம். கிளம்பி வந்துட்டாங்க. மனுஷன் கேக் வாங்கப் போயிருக்கார்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். அதிர்ச்சியில உளறுறேன்னு என்னைப் புடிச்சு உட்கார வெச்சு, என் வீட்டு மைலோவையே எனக்குக் கலக்கிக் கொடுக்கறாங்க!"

கிளாரன்ஸ் காரை விட்டு இறங்கினார். பாட்டு பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். கோயில் ஆபீஸைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த புனிதா ஓடி வந்தாள்.

"ஐயோ, இவரு இல்லங்க! இது இவரோட அண்ணன்! ரெண்டு வயசுல தவறிப்போன குழந்தை! தாள்ல இடம் இல்லாம 'குழந்தை'ங்கறதை நான்தான் விட்டுட்டேன்!"

"எந்த அண்ணன்?" என்றாள் சாந்தமேரி. "இவர்தானே வீட்டுக்கு மூத்த புள்ள!"

கூடாரத்தில் இருந்த அத்தனை கண்ணும் கிளாரன்ஸ் மேல் திரும்பின. இனி எந்தப் பக்கம் தப்பிக்கலாம் என்று பார்த்தார். கையில் கேக் வேறு கனத்தது.

"அண்ணனும் இல்ல, கிண்ணனும் இல்ல," என்றார். "அந்தப் புஸ்தகத்துல இருக்கிறது நான்தான். இன்னிக்கு எனக்கு எழுபத்தஞ்சு." கேக் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். "திருநாளுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை பாடிடணும்னு ஆசை. அந்த மைக்கை விட்டா எனக்குன்னு வேற என்னா இருக்கு? அதுக்காகத்தான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

சாந்தமேரி இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயராஜ் வந்தான்.

"எழுபத்தஞ்சா? சத்தியமா? ஐ.சி. இருக்கா அங்கிள்?"

கிளாரன்ஸ் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறந்த வருஷத்தைக் காட்டும் முதல் இரண்டு இலக்கங்களை ஜெயராஜ் விரல் வைத்துப் பார்த்தான். ஐம்பது. அட்டையைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினான். அவர்கள் பின்னால் இருந்தவர்களிடம் காட்டினார்கள். அடுத்த நொடி கூடாரமே கைதட்டியது. ஜெயராஜ் அவரைக் கட்டிப்பிடித்தான். யாரோ விசில்கூட அடித்தார்கள். பட்டுச் சால்வை ஜெயராஜின் காரிலேயே இருந்தது. ஜனவரியிலிருந்தே இருந்ததாம்.

இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லியும் இவ்வளவு அன்பா என்று கிளாரன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேக் வெட்டி, சால்வையோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்ததும் மனம் கொஞ்சம் இளகியது. வயது யாரைத்தான் விட்டது? பக்கத்தில் குழுவின் அடிக்குரல்காரர் திமோத்தி கேக்கில் மும்முரமாக இருந்தார். கிளாரன்ஸ் ஆறுதலாக அவர் தோளைத் தட்டினார்.

"வருத்தப்படாதே திமோத்தி. என்னிக்காவது ஒருநாள் உனக்கும் எழுபத்தஞ்சு வரும், நீயும் இங்க வந்து உட்கார வேண்டியதுதான்."

"தம்பி, எனக்கு டிசம்பர் வந்தா எண்பத்திரண்டு," என்றார் திமோத்தி, விரலில் ஒட்டிய கிரீமை நக்கியபடி. "உன் குரலைப் பத்தி உன்கிட்ட நேரா சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரல, அதான் உனக்கு மட்டும்னு அந்த ரூலைப் போட்டோம்."