ஒரு பொட்டு மணலும் சுவிசேஷமுத்துவின் மீசையும்

வாழ்க அந்த மீசை! பொருநையாற்று நீரைக் குடித்துத் தழைத்ததும், தேங்காயெண்ணெய் உண்டு திரண்டதும், இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கத்தரியின் நுனியன்றிப் பிற படைக்கலம் எதையும் அறியாததும், டார்லின் என்னும் நாலு வயது மகள் நாள்தோறும் ஒரு முனையைப் பற்றிக்கொண்டே கண்ணயர இடங்கொடுத்ததுமாகிய அந்தக் கருங்கொடி வாழ்க! அதைச் சுமந்து திரிந்த புண்ணியத்துக்காக, அதன் பின்னால் நின்ற சுவிசேஷமுத்துவும் போனால் போகிறதென்று வாழ்க! பாளையங்கோட்டை ஈன்ற பெருந்தகை, கல்லூரி அலுவலகத்துக் கோப்புகளின் கோமான், பாக்கியவதியின் கணவன், ஜெனோ, டார்லின் எனும் இரு சிங்கக்குட்டிகளின் தந்தை, சொந்தக் கார் இல்லாதவன்.

அந்தக் கடைசி அடைமொழியில்தான் வினை தொடங்கியது.

முழுப் பரீட்சை முடிந்து, ஈஸ்டரும் முடிந்து, வெயில் தெருவெங்கும் செங்கோல் செலுத்திக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அது. பிள்ளைகள் இருவரும் நான்கு நாட்களாக வீட்டை முற்றுகையிட்டு, 'கடல்' என்னும் ஒற்றைப் போர்முழக்கத்தைச் சோற்றுவேளையிலும் தளராமல் எழுப்பி வந்தார்கள். எட்டு வயது ஜெனோ முன்பு ஒருமுறை கடலைக் கண்டவன். டார்லினோ படத்தில் மட்டுமே கண்டவள். ஒன்றரை மணி நேரத் தொலைவில் அலையடித்துக்கொண்டிருக்கும் கடலை நாலு வருஷமாகப் பெற்ற மகளுக்குக் காட்டாத தகப்பன் என்ற பழி, நம் தலைவனின் நெஞ்சில் மீன்முள்ளாய்த் தைத்தது. பஸ்ஸில் போகலாம் என்று பாக்கியவதி சொன்ன யோசனை, நல்ல யோசனைகள் எல்லாம் அந்த வீட்டில் அடையும் கதியை அடைந்தது.

ஆகவே அவன் குடும்பத்தோடு மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றான்.

மச்சான் ஏசுவடியான், பாக்கியவதியின் மூத்த அண்ணன், கணக்கு வாத்தியார். விடைத்தாளில் அரை மார்க்கை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் உயிரை விடக்கூடியவர். அவருடைய வெள்ளைக் காரோ, வாங்கி ஒன்பது மாதமாகியும் இருக்கைகளின் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாதது. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வருவதன்றி உலகின் அழுக்கெதையும் காணாதது. சாவியை நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, அவர் திருவாய் மலர்ந்தார்:

"மாப்ளே, வண்டிய தாராளமா கொண்டு போங்க. ஆனா திரும்பி வரும்போது உள்ள ஒரு பொட்டு மண்ணு இருக்கப்படாது. இருந்துச்சுன்னா, மே மாசம் கன்னியாகுமரிக்குப் போகணும்னு சாவி கேட்டு வந்துராதிய."

இவ்விடத்தில் 'சரி மச்சான்' என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொள்பவர்கள் சாதாரண மனிதர்கள். நம் தலைவனோ வலக்கையால் மீசையை முறுக்கி, இடக்கையால் சாவியைப் பறித்து, வீதியில் போன பால்காரரும் சைக்கிளை நிறுத்திக் கேட்கும்படி முழங்கினான்:

"ஒரு பொட்டு மண்ணு இருந்தா என் மீசைய எடுத்திருதேன் மச்சான்!"

எட்டுத் திக்கும் அதிர்ந்தன என்று எழுத ஆசைதான். அதிர்ந்தது பாக்கியவதி மட்டும்.

"ஏங்க, நாம போறது கடக்கரைக்கு. அங்கன மண்ணுதான் இருக்கும், தெரியும்லா?"

வாத்தியார் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து மருமகளின் கன்னத்தைக் கிள்ளி, "மாமாவுக்குக் கடல்ல இருந்து என்ன கொண்டாருவ தாயி?" என்றார்.

"கடலக் கொண்டாருதேன் மாமா."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது.

படை புறப்பட்டது. தலைவனின் போர்த்தந்திரம் அந்தக் காரின் டிக்கியில் குலுங்கிக்கொண்டு வந்தது: இரண்டு இருபது லிட்டர் கேன்கள், கழுத்துவரை தாமிரபரணித் தண்ணீர். கடல்நீரில் கழுவினால் மணல் ஒட்டும்; கடற்கரைக் கிணற்றில் கழுவினால் உப்புப் பிசுபிசுக்கும்; எனவே வீட்டுக் குழாயிலிருந்தே ஆற்றைப் பிடித்து அடைத்துக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் பாதங்களைக் கழுவுவது என்பது அவன் வகுத்த வியூகம். திருநெல்வேலிக்காரன் ஒருவனைத் தவிர, உலகில் வேறு எவனுக்கும் கடலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தோன்றாது. வழியெல்லாம் குளங்கள். ஆழ்வார்திருநகரி தாண்டி ஒரு பெருங்குளம் விரிந்தபோது டார்லின் பிளாஸ்டிக் உறை கிறீச்சிட எழுந்து, "கடலு!" என்று கூவினாள். "லே, அது குளம்," என்றான் அண்ணன், உலகம் சுற்றியவனின் அலுப்போடு. தங்கையை 'லே' என்று அழைக்கக் கூடாதென்று அம்மா அவன் தொடையில் ஒன்று வைத்தாள்.

பிறகு பனைகளின் நடுவே, யாரும் அறிவிக்காமல், அது வந்தது.

டார்லின் கூவவில்லை. காரிலிருந்து இறங்கி அப்பாவின் ஒற்றை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலையையும் அடிவானத்தையும் பார்த்துவிட்டு, பைய, "இவ்வளவுமாப்பா?" என்று கேட்டாள்.

"இவ்வளவும் தாயி," என்றான் அவன், ஏதோ தானே இரவெல்லாம் கண்விழித்து நிரப்பி வைத்தவன் போல.

இனி போர். தேரில்லை, யானையில்லை, முரசில்லை. எண்ணிக்கை மட்டுமே உண்டு அந்தப் பகைவனுக்கு. வெட்டினால் சாகாமல், விரட்டினால் ஓடாமல், உதறினால் மறுபக்கம் ஒட்டிக்கொள்ளும் அந்த மணற்பெரும்படை, அரைமணி நேரத்துக்குள் ஜெனோவின் காதுமடலில் கூடாரமடித்தது. டார்லினின் கால்விரல் இடுக்குகளில் காவல்நிலை அமைத்தது. முட்டிவரை பாவாடை போல ஏறி, உச்சந்தலையில் கொடி நாட்டியது. எதிரியின் பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளைகளோ கரையில் புரண்டு புரண்டு அதன் கோட்டைக்குக் குழி தோண்டிக்கொடுத்தார்கள். பாக்கியவதி பனைநிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துவைத்து, கணவனின் வீரத்தைக் காணப் பிடிக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் தலைவன் சங்கெடுத்தான், அதாவது செம்பெடுத்தான். முதல் கேனைக் காரின் பக்கத்தில் சாய்த்து, ஜெனோவின் வலதுகாலைப் பற்றி, இரண்டு செம்பு ஊற்றினான். கால் தெரிந்தது. இடதுகாலைப் பற்றும்போது பையன் வலதுகாலைத் திரும்ப மணலில் வைத்தான். தந்தை மீண்டும் ஊற்றினான். மகன் மீண்டும் வைத்தான். இப்படியே ஏழாம் செம்பு நடந்துகொண்டிருக்கையில், பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த சாரம்மாள் என்ற பெண், இடுப்பில் காலிக்குடத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, தண்ணி எங்கன பிடிச்சது?"

கேட்கக் கூடாத கேள்வியை, கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். தலைவனின் நெஞ்சு விரிந்தது; மீசை சிலிர்த்தது. "எங்க ஊரு தாமிரவருணிம்மா! ஒரு வாய் குடிச்சிப் பாரும், கல்கண்டுல்லா! இந்தத் தண்ணிக்கு எந்த ஊர்ல…"

"கால் கழுவவா கொண்டாந்திய?"

ஈட்டி எறியப்படவில்லை. அவள் குரலில் கேலிகூட இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. "எங்க தெருவுக்கு லாரி வந்து நாலு நாளாச்சு. ஒரு குடம் தந்தியன்னா பிள்ளையளுக்குக் குடிக்க ஆகும்."

சுவிசேஷமுத்து கையிலிருந்த செம்பைப் பார்த்தான். காலடியில் மணலுக்குள் போய்க்கொண்டிருந்த கல்கண்டைப் பார்த்தான். வெட்கம் என்பது இவ்வளவு குளிர்ச்சியாக உள்ளங்காலிலிருந்து ஏறும் என்று அவன் அறிந்திருக்கவில்லை. அவள் கேட்டது ஒரு குடம். அவன் கொடுத்தது, மிச்சமிருந்த முதல் கேனும் மூடி திறக்காத இரண்டாவது கேனும். கேன்களைத் தோளில் வைத்து அவள் வீட்டு வாசல்வரை தானே சுமந்துபோய் ஊற்றிவிட்டு வந்தான். கடைசியில் அரைச் செம்பு மிஞ்சியபோது, அதையும் அவளே அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள். குடித்தான்.

திரும்பி வந்த சேனாதிபதியிடம் ஆயுதம் இல்லை. பிள்ளைகளிடம் மணல் இருந்தது. மீசையின் இரு முனைகளும் தாமாகவே தாழ்ந்தன.

"ஈரத்தோட எதுக்கு மல்லுக்கு நிக்கிய அண்ணாச்சி?" என்றாள் சாரம்மாள், குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தவள். "ஒரு மணி நேரம் வெயில்ல விடுங்க. காஞ்சா தட்டுனதும் போயிரும். எங்க பிள்ளையளை நாங்க என்ன தெனமும் கழுவிக்கிட்டா இருக்கோம்?"

இத்தனை எளிய வழியில் வெற்றி பெறுவது ஒரு மாவீரனுக்கு இழுக்குத்தான். ஆயினும் அவன் காயவிட்டான். அந்த ஒரு மணி நேரத்தில் ஜெனோ தூங்கினான்; பாக்கியவதி சாரம்மாளிடம் கருவாட்டு விலை விசாரித்தாள்; டார்லின் தன் இளஞ்சிவப்புப் பள்ளிக்கூடத் தண்ணீர்பாட்டிலோடு அலையோரத்தில் குனிந்து நிமிர்ந்து ஏதோ அலுவலாக இருந்தாள். பிறகு துண்டால் தட்ட, உண்மையாகவே பகைப்படை பொலபொலவென்று உதிர்ந்து ஓடியது. தலைவன் பிள்ளைகளை ஒருவர்பின் ஒருவராகத் தோளில் தூக்கிக் காருக்குள் இறக்கினான். எல்லோருடைய செருப்பையும் மூன்று பைகளுக்குள் முடிந்தான். தன் பாதங்களைத் தன் சட்டையாலேயே துடைத்து, பனியனோடும் வெறுங்காலோடும் ஓட்டிவந்து, பொழுது சாயும் முன் மச்சான் வாசலில் நிறுத்தினான்.

ஏசுவடியான் ஆய்வைத் தொடங்கினார். கால்மிதிகளைத் தூக்கினார். பிளாஸ்டிக் உறையின் மடிப்புகளைப் பிரித்தார். டிக்கியில் தலையை விட்டார். போன் வெளிச்சத்தை அடித்து, இருக்கைக்கு அடியில் விடைத்தாளைத் தேடுவதுபோலத் தேடினார். பதினைந்து நிமிடம் கழித்து நிமிர்ந்தவரின் முகத்தில், முழு மார்க் போட நேர்ந்துவிட்ட துயரம் படர்ந்தது.

"பரவாயில்ல மாப்ளே. ஒரு பொட்டுகூட இல்ல."

ஆகா, அக்கணம்! தலைவன் மீசையை முறுக்கினான், ஒரு முனை கன்னியாகுமரியைத் தொட்டது, மறுமுனை பொதிகையைத் தொட்டது, நடுவில் பற்கள் தெரிந்தன, மே மாதமே அவன் காலடியில் மண்டியிட்டது.

"மாமா!"

கழுத்தில் தொங்கிய பாட்டிலைக் கழற்றிக்கொண்டு, திறந்திருந்த கதவின் வழியே முன்னிருக்கையில் முட்டிபோட்டு ஏறினாள் டார்லின். மூடியைத் திருகினாள். பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு, வழியெல்லாம் சிந்தாமல் காத்துக் கொண்டுவந்ததை, வாத்தியார் அமரும் இடத்தில் முழுதாகக் கவிழ்த்தாள். நீர், நுரை, கால்படி மணல், இரண்டு சிப்பி, கடைசியாக ஒரு சின்ன நண்டு. நண்டு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இருக்கை இடுக்குக்குள் இறங்கியது.

"இந்தா மாமா, கடலு."

ஏசுவடியான் சிப்பிகளில் ஒன்றை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லாருக்கு தாயி கடலு," என்றார். பிறகு தங்கை வீட்டுக்காரரின் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சாவி மே மாசம் இங்கனதான் இருக்கும் மாப்ளே, வந்து வாங்கிக்கிடுங்க. ஆனா நாம பேசுனது ஒரு பொட்டு."

மறுநாள் காலையில் சுவிசேஷமுத்து மீசையையும் சேர்த்துச் சவரம் செய்துகொண்டு ஆபீசுக்குப் போனான்.