நார்வே மீனும் நானும்

டெல்லியில பாலம் ஏர்போர்ட்டுக்கு வந்திருக்கிற ஒரு மீன் பெட்டியை எடுத்து, சாணக்கியபுரியில ஒரு எம்பஸி அடுக்களையில சேர்க்கணும். அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான்.

எழுபதுகளோட கடைசி. கனாட் பிளேஸ்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட்கிட்ட வேலை பாத்தேன். வெளிநாட்டுச் சரக்கு வந்தா, கஸ்டம்ஸ்ல பேப்பரைக் காட்டி எடுத்து, வாங்குனவங்க வாசல்ல எறக்குறது எங்க தொழில்.

முதலாளி சோப்ரா காலையிலயே எச்சரிச்சாரு. "நார்வேயில ஏத்துன மீன். லண்டன்ல பிளேன் மாறி வந்திருக்கு. சாயந்திரம் தூதர் வீட்டுல விருந்து. எம்பஸி ஆர்டர் நமக்கு இதான் மொதத் தடவை. கெடுத்துராத!"

"சாப், நான் தூத்துக்குடிக்காரன். மீனைப் பத்தி எனக்கா சொல்லுறீங்க?"

இந்த வாய்தான்!

மே மாசம். கார்கோ ஷெட்டு அடுப்பு மாதிரி கொதிக்குது. கஸ்டம்ஸ்ல எல்லா முத்திரையும் விழுந்தாச்சு. ஹெல்த் இன்ஸ்பெக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

சர்மான்னு பேரு. சுத்த சைவம். மூக்குல கர்ச்சீப்பை வச்சுக்கிட்டு, தெர்மோகோல் பெட்டியை நாலடி தள்ளி நின்னு எட்டிப் பாத்தாரு. "அச்சா, டீக் ஹை"ன்னு பேனாவையும் எடுத்துட்டாரு.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு நிமிஷம் சார்!"ன்னு உள்ள தலையை விட்டேன். ஆரஞ்சுக் கலர்ல, கண்ணாடி மாதிரி ஒரு மீன். வேகவும் இல்ல, காயவும் இல்ல. ஆனா பொகை நாத்தம்! கருவாடும் இல்ல, மீனும் இல்ல.

"சார், இது கெட்டுப்போச்சு. எங்கயோ தீப்பிடிச்ச எடத்துல கெடந்திருக்கு. நான் கடற்கரையில பொறந்தவன், சொல்லுறேன்."

சர்மா பேனாவை மூடிட்டாரு. "அப்ப அழிக்கணும். குழி தோண்டிப் பொதைச்சிரலாம்."

பெருமையா சோப்ராவுக்கு போன் போட்டேன். ரிசீவர்லயே அறை விழுந்த மாதிரி இருந்துச்சு.

"அரே மூர்க்! அது பொகை போட்ட மீன்யா! அப்படியே பச்சையாத்தான் திம்பாங்க! பெட்டி போகலேன்னா நீயும் ஆபீஸ் பக்கம் வராத!"

கல்யாணமாகி மூணு மாசம். கரோல்பாக்ல அப்பத்தான் ஒரு ரூம் எடுத்திருந்தேன். ஓடுனேன்!

"சார், மீன் நல்லாத்தான் இருக்கு சார்!"

சர்மா நிதானமா கேட்டாரு. "பத்து நிமிஷம் முன்னாடி கெட்டதுன்னீங்க. இப்ப நல்லதுங்கறீங்க. நான் எதை எழுத?"

"நல்லதுன்னே எழுதுங்க சார்."

"அப்படியா? சாப்பிட்டுக் காட்டுங்க."

ஷெட்டுல இருந்த லோடர் அத்தனை பேரும் கூடிட்டாங்க. ஒருத்தர் பேனாக்கத்தியை நீட்டுனாரு. பெட்டியில ரெண்டு பெரிய துண்டு. ஒண்ணோட ஓரத்துல கொஞ்சூண்டு வெட்டி வாயில போட்டேன். வழுக்கிக்கிட்டே போகுது! கண்ணுல தண்ணி.

"இன்னும் கொஞ்சம்"னாரு சர்மா. "சந்தேகம் தீரல."

நாலு வாய் உள்ள போச்சு. அப்புறம் ஒரு ஸ்டூல்ல என்னை உக்கார வச்சாங்க. அரை மணி நேரம் பாக்கணுமாம். ஒரு லோடர் கரிசனமா கேட்டாரு, "அண்ணா, வீட்டு அட்ரஸ் சொல்லி வைக்கிறீங்களா?"

அரை மணி கழிச்சு சர்மா என் நாக்கைப் பாத்தாரு, நாடியைப் பிடிச்சாரு, ஒரு வழியா எழுதுனாரு.

மிச்சமிருந்த ஐஸோட ஆட்டோ பிடிச்சுப் பறந்தேன். எம்பஸி சமையல்காரர் கோவாக்காரர். பெட்டியைத் திறந்ததும் முகம் மாறுச்சு.

"மீனை எலி கடிச்சிருக்கு!"

"எலி இல்ல சார். நான்தான்."

சர்மா குடுத்த பேப்பரை நீட்டுனேன். அவரு சத்தமாப் படிச்சாரு: "மீன், ஏஜென்டால் உண்டு பரிசோதிக்கப்பட்டது. ஏஜென்ட் உயிருடன் உள்ளார்."

மனுஷன் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த கரண்டியே கீழ விழுந்துச்சு. ஓரத்தை அழகா சீவிட்டு, "தூதர் சாப்புக்குத் தெரியாது, போங்க"ன்னாரு. ஆர்டர் எங்களுக்கே நிலைச்சுது. ஷெட்டுல மீன் பெட்டி வந்தா மட்டும் சர்மா விடமாட்டாரு: "அந்த மதராஸி எங்கய்யா? கூப்பிடு!"

அடுத்த வருஷம் எங்க ஆபீஸ் பூச்சிமருந்து இறக்குமதியிலயும் எறங்குச்சு. நான் அன்னைக்கே வேற செக்‌ஷன் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்.