பூங்கா முழுக்க உச்சுக் கொட்டுகிறது

மொஸ்தகானம்,
செவ்வாய்க்கிழமை.

அளவற்ற அருளாளன் துணை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனன் பெனவ்தாவுக்கு, உன் அக்காள் கணவன் பூஸியான் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் குருவியும்தான். ஒரானில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், நான் உட்காரக் கூடாது என்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறீர்களே, அந்தப் புதுச் சோபாவும் நீடூழி நலமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, உன் அக்காள் கைராவுக்கு நீ சந்தையில் வாங்கிக் கொடுத்த, பாடும் ஜாதி மக்னீன் குருவியைக் கூண்டோடு எடுத்துப்போய்விடு. பறவை மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கும் குறை வைக்கவில்லை, என்னைவிட நன்றாகவே சாப்பிடுகிறது. ஆனால் இந்தக் குருவியால் எனக்குப் பூங்காவே இல்லாமல் போகப் போகிறது.

அவள் மறைந்த நாற்பதாம் நாள் குஸ்குஸ் ஆக்கிப் போட்டு, நீங்கள் எல்லோரும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினீர்கள் அல்லவா, அன்று மாலை நான் சமையலறைக்குப் போய், டம்ளரைத் தேடுவானேன் என்று தண்ணீர் பாட்டிலை அப்படியே வாயில் வைத்துக் கவிழ்த்தேன். முதுகுக்குப் பின்னால் "ச்சு" என்று ஒரு சத்தம். உன் அக்காளை உனக்குத் தெரியும். வேண்டாம் என்பதை அவள் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை, நாக்கை மேல்பல்லில் ஒட்டி ஒரே ஒரு தடவை உச்சுக் கொட்டுவாள், அத்தோடு தீர்ப்பு முடிந்தது. அதே சத்தம், அதே அளவு. தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் ஜன்னல் பக்கம் கூண்டு தொங்குகிறது. அட, குருவி கற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். பயம் தெளிந்ததும் சந்தோஷம் வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. டம்ளரில் ஊற்றித்தான் குடித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டின் அமைதி என்னைத் தின்ன ஆரம்பித்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக ஆயுசு முழுக்கச் சத்தத்தில் கிடந்தவன் நான். ஒரு நாள் காலையில் கூண்டைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் செய்வதைப் போல அதன் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பழைய ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பூங்காவுக்குப் போனேன். பேச்சுத் துணைக்குப் போனவனுக்கு ஊரிலேயே யாரும் பேசாத இடம் வாய்த்தது. குருவிக்காரர்கள் ஆலமரம் போல் விரிந்த அந்தப் பெரிய மரங்களில் கூண்டுகளை மாட்டிவிட்டு, மூத்த குருவி பாட இளங்குருவிகள் காதால் கேட்டுப் பாடம் படிக்க வேண்டும் என்று மூச்சைக்கூட அளந்து விடுகிறார்கள். துணி போர்த்துவதும் அதற்குத்தான், கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது மந்தமாகிவிடுமாம். அடுத்தவன் கூண்டுத் துணியைத் தூக்கிப் பார்ப்பது அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். இதெல்லாம் தெரியாமல் வாசலிலேயே நின்று, ரயிலின் பன்னிரண்டு பெட்டிக்கும் கேட்கிற குரலில் சலாம் சொன்னேன். பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரு கையை நெஞ்சில் வைத்துப் பதில் சலாமும், மறு கையை உதட்டில் வைத்துத் திட்டும் தந்தார்கள். தண்ணீர் வற்றிய நீரூற்று, அசையாத இலை, வாயில்லாத மனிதர்கள். மையவாடிக் கல்லறைகளுக்கு நடுவில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

ஆனாலும் பழகிவிட்டது. குருவிக்காரர்களுக்கெல்லாம் பெரியவர் ஹாஜி மிலூத் எனக்கென்று ஒரு கிளையைக் காட்டினார். கதூர் என்ற தையற்காரர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு நாள் போகாவிட்டால், "ஏன் நேத்து காணோம், காய்ச்சலா?" என்று காதோடு காதாகக் கேட்கும் மனிதர்கள் எனக்கு இந்த ஊரில் இவர்கள் மட்டும்தான், பெனவ்தா.

வந்தது வினை. கதூர் புகையிலையைச் சுருட்டி உதட்டுக்கு உள்ளே வைக்கப் போன சமயம், என் கூண்டுக்குள்ளிருந்து "ச்சு". மனிதர் திடுக்கிட்டுப் புகையிலையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "யாருய்யா அது, எங்கம்மா மாதிரி?" என்று கிசுகிசுத்தார். சிரித்தோம், சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தோம். மறுநாள் சிரிப்பு நின்றது. ஹாஜியாரின் குருவி, ரெலிஸான் ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் போகும் குருவி, பாட்டின் உச்சியில் சட்டென்று நிறுத்தி "ச்சு" என்றது. கெட்ட ஸ்வரம் ஒன்று உள்ளே புகுந்தால் வாழ்நாளுக்கும் போகாது என்று குருவிக்காரர்கள் பிளேக்கைப் போலப் பயப்படுவார்கள். ஹாஜியாருக்கு முகத்தில் ரத்தம் வற்றியது. வார முடிவுக்குள் மரத்துக்கு மரம் பரவிவிட்டது. காவலாளி தின்றுவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டான், நான்கு மரமும் ஒன்றாக "ச்சு". மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த காதல் ஜோடி தலைதெறிக்க ஓடியது. நகராட்சி ஆட்கள் கிளை வெட்ட ஏணியைச் சாய்த்தார்கள், மேலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஏணி இன்னமும் நிற்கிறது, யாரும் தொடவில்லை.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலை காற்றே இல்லை. வாசல் கொக்கியில் தொங்குகிறதே கைராவின் கம்பளிக் கோட்டு, அதை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று மனதுக்குள் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், உதடுகூட அசையவில்லை. என் கிளையிலிருந்து "ச்சு" வந்தது. பிறகு அடுத்த மரம், அதற்கடுத்தது, நீரூற்றைச் சுற்றிக்கொண்டு மறுபடி என்னிடமே வந்து நின்றது. வெயிலில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை கால் குளிர்ந்து போயிற்று. கதூர் என்னையே பார்த்தார். "என்ன செஞ்சீங்க?" என்றார். "ஒண்ணுமே செய்யலையே" என்றேன். "நினைச்சீங்களா?" என்றார். நான் கூண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று பஞ்சாயத்து வைத்தார்கள். இவ்வளவு பெரிய சண்டையைக் கிசுகிசுப்பாகவே போட முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"பூஸியான், உங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் கிடையாது. குருவி போகணும், இல்லைன்னா நீங்க போகணும்" என்றார் ஹாஜியார்.

"ஹாஜியார், அது என் பெஞ்சாதி சத்தம்."

"அது தெரிஞ்சுதான் இத்தனை நாள் பொறுத்தோம். எங்க வீட்டு ஆளுங்க உயிரோட இருந்து கொட்டுறதே போதும்பா. இங்க வந்தும் கேக்கணுமா?"

"குருவியைக் கூட்டிட்டுப் போனா பழைய பாட்டு வந்துடுமா?"

"வராது. ஆனா இன்னும் கெடாது" என்றார் கதூர். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

இரவெல்லாம் யோசித்தேன். அந்தச் சத்தம் வீட்டைவிட்டுப் போகும் என்று நினைத்து, இரண்டு தடவை எழுந்து போய்க் கூண்டுக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அதோடு தனியாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் நான் என்ன ஆவேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு முடிவு செய்துவிட்டேன், எனக்குப் பூங்கா, உனக்குக் குருவி. நீயும் அவள் தம்பிதானே, உன் வீட்டிலும் கொஞ்ச நாள் கேட்கட்டும். மறுக்காதே. கூண்டைக் கொடுக்கும்போது நான் வாசலுக்கு வரமாட்டேன், கதவைத் திறந்து வைக்கிறேன், நீயே எடுத்துக்கொள்.

உன் மனைவிக்கு சலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. இறைவன் உன் வீட்டில் பரக்கத்தையும் உன் காரில் பிரேக்கையும் நிலைக்கச் செய்வானாக. உன் அக்காள் உறங்கும் கப்ரை அவன் விசாலமாக்குவானாக, அதைச் சொல்லும்போது நீயும் ஆமீன் சொல்லு.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
பூஸியான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் ஹாஜி மிலூத் கதவைத் தட்டினார். குருவியை எங்காவது அனுப்புவதானால் வழியில் தின்னட்டும் என்று விதை கொண்டுவந்திருந்தார். மனசு கேட்கவில்லையாம். கூடத்தில் வைத்திருந்த கூண்டின் துணியை அனுமதி கேட்டுத் தூக்கினார், முதல் தடவையாக. குருவியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் வாங்கினது?"

"என் மைத்துனன்."

"நல்லா ஏமாத்தியிருக்காங்க. இது பெட்டை. முகத்துச் சிவப்பு கண்ணைத் தாண்டலை பாருங்க. பெட்டைக்கு ஏது பாட்டு? இத்தனை வருஷத்துல இந்த ஜாதிப் பெட்டை ஒண்ணு உச்சுக் கொட்டி நான் கேட்டதே இல்லை."

குருவி அவர் கைக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எங்களுக்குப் பின்னால், யாருமில்லாத சமையலறையிலிருந்து, "ச்சு". ஹாஜியார் மெதுவாகக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். செருப்போடு கம்பளத்தில் நின்றிருந்தார். வெளியே போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்து, குருவியைக் கூண்டில் விட்டார். போகும்போது, "நாளைக்கு வாங்க. குருவியோட வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எப்படியும் அவங்க வருவாங்க போல" என்றார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தாதே, குருவி எங்கும் போகவில்லை, அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கட்டாயம் வா. நாம் பூங்காவில் உட்காருவோம். என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சின்ன வயதில் செய்தது மாதிரி ஏதாவது பெரிய தப்பாகச் செய், பெனவ்தா. என்னிடம் அவள் ஒரு தடவைதான் கொட்டுவாள். உன்னிடம் என்றால் நிறுத்தவே மாட்டாள்.