குப்புவின் நெஞ்சில் இறகு போனது ஏன்?

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹரீஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் கிருஷ்ணப்பன் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை மங்கம்மா நலம், மாடியில் வைத்த ரோஜாச் செடிகளும் நலம். நீங்களும் என் மகள் சுவேதாவும் பெங்களூரில் அவ்வாறே இருக்க, மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் பார்த்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் போடாமல் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குக் குரியரில் அனுப்பக் காரணம், உங்கள் போன் பாதி நேரம் சுவேதா கையில்தான் இருக்கிறது. மாடியில் நாம் இரண்டு பேரும் பேசுகிற மாதிரி மனம்விட்டு எழுத இதுதான் வழி. விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வந்து உங்கள் கிளியைத் திரும்பக் கொண்டுபோய்விடுங்கள்.

பொங்கலுக்கு வந்து, பூனாவில் கொஞ்ச நாள் வேலை என்று இந்தக் காக்கடீல் கிளியைக் கூண்டோடு விட்டுப்போனீர்கள். நீங்கள் குக்கி என்று பெயர் வைத்திருந்தீர்கள், அத்தை வாயில் அது குப்பு ஆகிவிட்டது. கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டியில் இருந்த பழக்கதோஷம், உங்கள் கையிலிருந்து வாங்கும்போதே கூண்டைச் சுற்றிவந்து பார்த்தேன். நெஞ்சில் புளியங்கொட்டை அளவுக்கு இறகு இல்லை. "சும்மா இறகு மாத்துது மாமா" என்றீர்கள். சரி, மாப்பிள்ளை சொன்னால் சரிதான். ஆனால் சித்திரை பிறப்பதற்குள் நெஞ்சு முழுக்க உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. யாரும் பிடுங்கவில்லை, அதுவே அலகால் பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறது. கூடவே தும்மல், கண்ணில் தண்ணீர்.

எங்கள் கம்பெனியில் ஒரு பழுது வந்தால் 'ஏன்' என்று கேட்க வேண்டும், வருகிற பதிலையும் 'ஏன்' என்று கேட்க வேண்டும், ஐந்து ஏனுக்குள் காரணம் சிக்கிவிடும். நானும் உட்கார்ந்து கேட்டேன். முதலில் தினை சரியில்லை என்று வந்தது, கடையை மாற்றினேன். அப்புறம் ஃபேன் காற்று என்று வந்தது, ஃபேனை நிறுத்தி நாங்கள் வெந்தோம். அப்புறம் பக்கத்து வீட்டுக் கோவிந்தன் போடுகிற சாம்பிராணி என்று வந்தது. அவரிடம் போய் நிதானமாகத்தான் சொன்னேன். "ஏன் சார், எங்க வீட்டு சாமி உங்க கிளியக் கேட்டுக்கிட்டுத்தான் புகை வாங்கணுமா?" என்றார், அன்றிலிருந்து பேச்சில்லை. உங்கள் அத்தை சொன்னாள்: "ஏங்க, ஊர்ல இருக்கிற ஏனெல்லாம் கேக்கறீங்களே, கைல எதுக்கு சிகரெட்டுன்னு ஒரு ஏன் கேக்கக் கூடாதா?" நான் வீட்டுக்குள் பிடிப்பதே இல்லை, மாடிக்குப் போய்த்தான் பிடிக்கிறேன், அதனால் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பறவை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். அந்தம்மா குப்புவைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மோந்து பார்த்தது. "சார், சிகரேட் சேதுத்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டது. சிகரெட் பிடிப்பீர்களா என்று அர்த்தம். எனக்குக் கன்னடம் வராது என்று சொல்லிவிட்டேன். கர்நாடகா ஆட்களோடு ஒரே ஷிப்டில் காலம் தள்ளினவன் சொல்கிற பேச்சா இது! உங்கள் அத்தை சும்மா இருப்பாளா? "ஹௌது டாக்டரே, தினா சேதுத்தாரே" என்று, ஆமாம், தினமும் பிடிக்கிறார் என்று, சுத்தமான கன்னடத்தில் போட்டு உடைத்தாள். அப்புறம் டாக்டரம்மா தமிழிலேயே நன்றாகப் பேசியது. "மாடியில பிடிச்சா என்ன சார், உங்க விரலும் சட்டையும் கீழ வருதில்ல? அந்த விரல் மேலதான அது நிக்குது. நிகோடின் கால்ல ஒட்டும், தோல் அரிக்கும், அலகால கோதிவிட்டா வயித்துக்கும் போவும். அரிப்பு தாங்காமதான் பிடுங்குது. புகை நமக்கே ஆவாது, அதோட நெஞ்சு எவ்வளவு பூஞ்சை!" என்றது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறிவிட்டது மாப்பிள்ளை. மாடியிலிருந்து இறங்கினால் சட்டையைக் கழற்ற வேண்டும், வேறு லுங்கி கட்ட வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட வேண்டும், அப்புறம் உங்கள் அத்தை விரல் விரலாக மோந்து பார்ப்பாள். ஊர்ப்பட்ட சாமானை ரிஜெக்ட் பண்ணினவனை என் வீட்டு வாசலிலேயே ரிஜெக்ட் பண்ணுகிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எவ்வளவு கழுவினாலும் நான் பக்கத்தில் போனால் குப்பு கூண்டின் அந்தக் கோடிக்கு நகர்ந்துவிடுகிறது. முன்னெல்லாம் நான் பேப்பர் படித்தால் தோளில் வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கடிக்கும். இப்போது அத்தை தோளோடு சரி. மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அப்ரென்டிஸாகச் சேர்ந்த அன்றைக்கு டீக்கடையில் பிடித்த பழக்கம், இந்த வயசுல விடுன்னா எங்க விடறது? அதனால்தான் சொல்கிறேன், அதன் உயிராவது பிழைக்கட்டும், கூட்டிக்கொண்டு போங்கள். பூனாவிலிருந்து திரும்பியதும் "அங்கயே இருக்கட்டும் மாமா, உங்களுக்குப் பொழுதுபோவும்" என்று நீங்கள் பெரிய மனசோடு சொன்னதை மறக்கவில்லை.

மகளுக்கு என் ஆசி. உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். வரும்போது பெரிய கூண்டாக எடுத்துவரவும்.

இப்படிக்கு,
ஓ. கிருஷ்ணப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் கேன்சல். கூண்டு கொண்டுவர வேண்டாம். காலையிலிருந்து இதை எழுதுகிற மும்முரத்தில் மாடிக்கே போகவில்லை போலிருக்கிறது. இப்போது குப்பு தானாகப் பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்து பேனாவைக் கடிக்கிறது, அதனால்தான் எழுத்து கோணல். அசையாமல் எழுதுகிறேன். நான் நிறுத்திப் பார்க்கிறேன் மாப்பிள்ளை. ஆனால் ஒரு ஏன் பாக்கி இருக்கிறது. வந்த அன்றே நெஞ்சில் புளியங்கொட்டை அளவுக்கு இறகு இல்லையே, அது ஏன்? நான் அப்போது கிளியைத் தொட்டதே இல்லை. போன தீபாவளிக்கு மாடியில் என்னிடம் லைட்டர் கேட்டது யார்? ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் புது சோப்பு வைத்திருப்பேன், நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள். உங்கள் அத்தை விரலை மோந்து பார்ப்பாள். சுவேதா பக்கத்தில்தான் நிற்பாள்.